யார் மீதும் வழக்கில்லை என்று எழுதிக் கொடுத்தேன்

1

திங்கட்கிழமை எங்கள் கட்டடத்து லிஃப்ற்றுக்குள் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. இந்த வருஷத் தடுப்பூசி சனிக்கிழமை கீழ்த்தள மண்டபத்தில் போடப்படும், சிறுவர்களோடு வருபவர்கள் காலையிலேயே வரவும் என்று மூன்று மொழிகளில் அச்சிட்டிருந்தார்கள். மூன்றாவது தமிழ். அதில் ‘தடுப்பூசி’ என்ற சொல்லில் ‘ப்’ விழுந்து ‘தடுபூசி’ என்று இருந்தது. அடுத்தவர்களின் எழுத்தில் விழுந்ததெல்லாம் என் கண்ணுக்கு உடனே தெரியும்.

என் கணவர் சுதன் நடக்க உதவும் வோக்கரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மூன்று வருஷத்துக்கு முன்பு, இதே வாரத்தில், இதே மண்டபத்தில்தான் அவர் ஊசி போட்டுக்கொண்டார்.

“என்ன, போவமே?” என்று கேட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் மகள் ஆரணி, ஒன்பது வயது, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஊசிக்கு எதிராக எழுதவில்லை. ஆரணிக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறோம். இந்தச் சனிக்கிழமையும் கூட்டிக்கொண்டு போவேன். போவதற்கு முன் பத்துத் தடவை யோசிப்பேன், அது வேறு. நான் எழுத வந்தது ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்ததைப் பற்றி.

2

சுதன் அப்போது இங்கே கனடாவில், பிக்கரிங் என்ற இடத்தில் ஒரு பொருட்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருப்பது மோர்னிங்சைட்டில், ஒன்பதாவது மாடியில். ஏழாவது மாடியில் ஜெசிந்தா அக்கா இருக்கிறார். மன்னார்க்காரர். இங்கே தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெறும் வயதுக்கு வந்தவர். நாங்கள் வந்த முதல் மாரிகாலத்தில் ஆரணிக்குப் பனிச்சப்பாத்து வாங்கித் தந்தவர் அவர்தான். கட்டடத்து மண்டபத்தில் ஊசி போடுவது என்றால் கதவு கதவாகத் தட்டி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதும், அங்கே ஊசி போடுவதும் அவர்தான்.

அன்றைக்கு ஆரணி முதலில் போட்டுக்கொண்டாள். அழவில்லை. சுதன் சட்டைக் கையை மடித்துவிட்டு முகத்தைத் திருப்பினார்.

“பிள்ளையே பேசாமல் இருந்திட்டாள். நீர் அழப்போறீரோ தம்பி?” என்றார் ஜெசிந்தா அக்கா.

“அக்கா, எனக்கு ஊசியில பயமில்லை. உங்களிலதான் பயம்.”

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பிறகு நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன்.

பத்து நாளுக்குப் பிறகு அவருக்குப் பாதம் விறைத்தது. சப்பாத்து இறுக்கம் என்று நினைத்தேன். கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு அளவு பெரிய சப்பாத்து வாங்கினேன். டொக்டரிடம் போயிருக்க வேண்டிய இரண்டு நாளை நான் சப்பாத்துக் கடையில் செலவழித்தேன். மூன்றாம் நாள் வேலைத்தலத்துப் படியில் விழுந்தார். அன்று பின்னேரமே கால்கள் இரண்டும் வேலை செய்யவில்லை. அதற்கு மறுநாள் மூச்சுக்கு இயந்திரம் பூட்டினார்கள்.

உடம்பு தன் நரம்புகளைத் தானே தாக்கும் ஒரு நோய் என்று நரம்பு வைத்தியர் விளக்கினார். ஊசியால் வந்திருக்கலாம், மிக அரிதாக அப்படி நடப்பதுண்டு. அதற்கு முந்திய கிழமை வந்த தடிமன் காய்ச்சலாலும் வந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. “முதல் இரண்டு வருஷம்தான் முக்கியம்,” என்றார் அவர். “எவ்வளவு பயிற்சி கொடுக்கிறோமோ அவ்வளவு திரும்பி வரும். அதற்குப் பிறகு வருவது குறைவு.”

அந்த இரண்டு வருஷம் என்ற சொல் சுதனின் மனதில் கலண்டர் மாதிரித் தொங்கியது.

3

ஊசியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு நட்டஈட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் ஜெசிந்தா அக்காதான். எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து முதல் படிவத்தை அவரும் நானுமாக நிரப்பினோம். பெயர் எழுதும் இடத்திலேயே அரை மணித்தியாலம் போனது. கடவுச்சீட்டில் சுதனின் அப்பாவுடைய பெயர் குடும்பப் பெயராகவும், மருத்துவ அட்டையில் அதுவே முதற்பெயராகவும் இருக்கிறது. ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். இரண்டையும் எழுதி, அடியில் ஒரு விளக்கமும் எழுதி, அந்த விளக்கத்தை மூன்று தடவை திருத்தினேன்.

“உனக்கு அரசாங்கக் கச்சேரியில வேலை குடுத்திருக்க வேணும் பிள்ளை,” என்றார் ஜெசிந்தா அக்கா.

“கச்சேரியில இல்லை அக்கா. கோட்டில இருந்தவ,” என்று, ஊரில் நான் நீதிமன்றத்தில் வேலை பார்த்ததைக் கட்டிலில் இருந்து சுதன் பெருமையாகச் சொன்னார்.

நட்டஈடு வந்தால் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒருவரை வைக்கலாம். அரசாங்கம் கொடுத்த பயிற்சி நாட்கள் முதல் வருஷத்தோடு முடிந்துவிட்டன. எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. சுதனுக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது. அவரோடு கிடங்கில் வேலை செய்த ஒரு அண்ணை, “தண்ணியைக் கொஞ்சம் குறைச்சிருந்தா உப்பிடி வந்திராது,” என்று யாரிடமோ சொன்னாராம். சுதன் குடிப்பதே இல்லை. இது ஏன் வந்தது என்று ஒரு தாளில் யாராவது எழுதித் தரவேண்டும், அதைக் கொண்டுபோய் அந்த அண்ணையின் கையில் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். வெளியே சொன்னதில்லை. ஆனால் தபாற்பெட்டிச் சாவியை என் கையில் பார்த்தால் ஒவ்வொரு நாளும் கேட்பார்: “வந்ததோ?”

4

கடிதம் அவர் விழுந்த பிறகு இரண்டாவது மாரிகாலத்தில் வந்தது. இரண்டு பந்தி. முதல் பந்தியில், இந்தக் கோரிக்கையை நீங்கள் ‘புரொசிக்கியூட்’ செய்ய எண்ணியிருக்கிறீர்களா என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் எழுத்தில் அறியத்தரவும் என்று இருந்தது. இரண்டாவது பந்தியில், ஆம் என்றால், ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் பெறுவதற்கு இணைக்கப்பட்ட ஒப்புதலில் கையெழுத்திட்டு அனுப்பவும் என்று இருந்தது.

நான் அடுப்பை நிறுத்தினேனா என்று மூன்று தடவை பார்க்கிறவள். கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ற்றிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வரி எழுதினாலும் அகராதி பார்ப்பேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பார்க்கவில்லை. ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த சொல்.

கலியாணத்துக்கு முன்பு ஒன்றரை வருஷம் ஊரில் நீதவான் நீதிமன்றப் பதிவகத்தில் தற்காலிக எழுதுவினைஞராக இருந்தேன். தினமும் காலையில் அன்றைய வழக்குப் பட்டியலைத் தட்டச்சு செய்வது என் வேலை. வழக்குத் தொடருநர் ஒரு பக்கம், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், மறுபக்கம். லைற் இல்லாத மோட்டார் சைக்கிள், வேலிச் சண்டை, அனுமதியில்லாமல் மணல் ஏற்றியது. ஆங்கிலப் பிரதியில் எல்லாவற்றுக்கும் புரொசிக்கியூட் என்ற அந்த ஒரே சொல்தான். அந்தச் சொல் வந்தால் ஒரு ஆள் கூண்டில் ஏறுவார்.

அப்படி ஏறிய ஒருவரை நான் மறக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். யாருக்கோ மருந்து மாறிவிட்டதாம். வெளுத்த சேட்டு, அதன் பொக்கற்றில் இரண்டு பேனை. அவருடைய மனைவி வெளியே வேப்பமர நிழலில் சாப்பாட்டுப் பார்சலோடு நிற்பார். தவணைக்கு மேல் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் பொக்கற்றில் இருந்த பேனைகள் அப்படியே இருந்தன, ஆள்தான் மெலிந்துகொண்டு போனார்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்தது அந்த மனிதரை. வெளுத்த சேட்டு இருந்த இடத்தில் ஜெசிந்தா அக்காவின் நீலத் தாதிச் சட்டை.

“என்னவாம்?” என்று சுதன் கேட்டார்.

“ஆரையும் கோட்டில ஏத்தப் போறமோ எண்டு கேக்கினம்.”

“ஆரை?”

“ஊசி போட்டவையைத்தானே இருக்கும்.”

அவருக்குக் கோபம் வந்தது. “ஜெசிந்தா அக்காவையோ? விசரே உவங்களுக்கு? அந்த மனிசி இல்லாட்டி நாங்கள் இஞ்ச எப்பிடி இருந்திருப்பம்? ஒருத்தரிலயும் வழக்கில்லை எண்டு வடிவா எழுது.”

வடிவாகத்தான் எழுதினேன். கோட்டில் பழகிய ஆங்கிலம். தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. நாங்கள் எவரையும் புரொசிக்கியூட் செய்ய விரும்பவில்லை. எங்களுக்கு எவர் மீதும் மனக்குறை இல்லை. தாங்கள் ஆவன செய்வீர்களென நம்புகிறோம். அந்தக் கடைசி வரி இல்லாமல் எங்கள் பதிவகத்திலிருந்து ஒரு கடிதமும் வெளியே போனதில்லை.

ஒப்புதல் தாளை அனுப்பவில்லை. அது வழக்குப் போடுகிறவர்களுக்கானது, எங்கள் விண்ணப்பம் தன்பாட்டில் போகும் என்று நினைத்தேன். ஜெசிந்தா அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது? ‘உங்களில் வழக்குப் போடப்போகிறோமோ என்று கேட்டிருக்கிறார்கள், நாங்கள் மாட்டோம் என்று எழுதுகிறோம்’ என்று சொன்னால் அது சொல்லிக்காட்டுவது மாதிரி இருக்காதா? அதனால் சொல்லாமல் விட்டோம். நல்லது ஒன்றைச் செய்துவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி.

சுதன் பேனையை முழுக் கையாலும் பொத்திப் பிடித்துக் கையெழுத்து வைத்தார். வாசித்துப் பார்க்கவில்லை. “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

5

வெயில் காலம் தொடங்கும்போது அவர்கள் ஆவன செய்தார்கள்.

உறையில் ஒரே ஒரு தாள் இருந்தது. கோரிக்கையை புரொசிக்கியூட் செய்யத் தவறியமையால் அது தள்ளுபடி செய்யப்படுகிறது. தபாற்பெட்டிக்கு முன்னால் நின்றே வாசித்தேன். வழக்குப் போடாததற்காகத் தண்டிக்கிறார்களா என்று ஒரு கணம் நினைத்தேன். கனடாவில் எல்லாம் தலைகீழ் என்றும் நினைத்தேன்.

அடுத்த நாள், வெக்ஸ்போர்ட்டில் நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தின் சமையலறைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். பொறுமையானவள். என் உச்சரிப்பை விளங்கிக்கொள்ள முயன்றாள்.

“நாங்கள் யாரையும் புரொசிக்கியூட் செய்ய விரும்பவில்லை என்றுதானே எழுதினோம்?” என்றேன்.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“மேடம், ஒரு கோரிக்கையை புரொசிக்கியூட் செய்வது என்றால் அதைத் தொடர்ந்து நடத்துவது. அவ்வளவுதான். உங்களுக்குத் தொடர விருப்பமா என்று கேட்டிருந்தோம். விருப்பமில்லை என்று நீங்கள் எழுதித் தந்திருக்கிறீர்கள். கடிதம் எனக்கு முன்னால் இருக்கிறது.”

“அப்படியென்றால் அந்தத் தாதி?”

“எந்தத் தாதி?”

அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். இந்தத் திட்டத்தில் குற்றம் செய்தவர் என்று யாரும் கிடையாது. யாரையும் தேடுவதில்லை. மீளாய்வு கேட்கலாம். அறுபது நாள் இருக்கிறது. காரணத்தை விளக்கி, கோரிக்கையாளரின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

வேண்டாம் என்றேன். உள்ளே போய் முப்பத்தாறு பிள்ளைகளுக்கு ஆப்பிள் வெட்டினேன்.

‘வழக்குத் தொடர்தல்’ என்று தமிழில் எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருப்பேன். தொடர்தல். விடாமல் பின்னால் போதல். அந்தப் பொருள் ஆங்கிலத்தில் எங்கேயோ ஒளிந்திருக்கவில்லை. என் தமிழுக்குள்ளேயே, என் விரல்களுக்குக் கீழேயே இருந்தது. கூண்டையும் எதிரியையும் மட்டும் பார்த்துப் பழகியதால் ‘தொடர்’ என்பது என் கண்ணில் பட்டதில்லை.

6

கோரிக்கையாளரின் கையெழுத்து. அதில்தான் சிக்கியது. சுதனின் கையெழுத்து வேண்டுமென்றால் சுதனுக்குச் சொல்ல வேண்டும்.

சொல்லத்தான் இருந்தேன். முதலில் கடிதத்தை எழுதிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது எழுதினேன். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தேன். பார்க்கப் பார்க்க எல்லாச் சொல்லுக்கும் எனக்குத் தெரியாத இரண்டாவது பொருள் ஒன்று இருந்தது. ‘தவறு’ என்று எழுதினால் பொறுப்பு எங்களுடையது என்றாகிவிடுமா? ‘விளங்கவில்லை’ என்று எழுதினால் ஆங்கிலம் தெரியாதவர்கள், முதற்படிவத்தில் எழுதியதையும் நம்ப முடியாது என்பார்களா? பதினொரு பிரதி எழுதினேன். பதினொன்றும் முடியவில்லை.

தள்ளுபடிக் கடிதத்தை ஆரணியின் தமிழ்ப் பள்ளிப் பைக்குள் வைத்தேன். முன்பு சனிக்கிழமைகளில் சுதன் காரில் அவளைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோவார். அவர் விழுந்த பிறகு வகுப்பும் நின்றது. ஆரணி கேட்கவும் இல்லை. எங்களோடு அவள் பேசும் தமிழ் வரவரச் சுருங்கி, ‘பசிக்குது’, ‘வேண்டாம்’, ‘ஓம்’ என்று ஆகியிருந்தது. அலுமாரியின் மூலையில் தொங்கிய அந்தப் பையை இரண்டு வருஷமாக யாரும் தொடவில்லை. வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை.

“வந்ததோ?” என்று சுதன் கேட்பார்.

“பாக்கினமாம். சுணங்குமாம்.”

“உவங்கள் இழுக்கிறதைப் பாத்தா நான் நடக்கத் தொடங்கின பிறகுதான் குடுப்பாங்கள்.”

காலையில் அவருடைய கணுக்காலுக்குப் பட்டி கட்டிவிடும்போது நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தாழ்வாரத்தில் எங்கள் கதவிலிருந்து லிஃப்ற் வரை அவர் வோக்கரோடு நடப்பார், ஜெசிந்தா அக்கா எழுதித் தந்த பயிற்சி. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. நான் எண்ணுவேன். அறுபது நாளையும் அப்படித்தான் எண்ணினேன். நாற்பது, ஐம்பது, ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்றாம் நாள் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

7

சென்ற வருஷம் மழைக்குளிர் தொடங்கிய நாட்களில் ஆரணியின் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு மொழியில் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். அவளுக்குத் தன் பழைய தமிழ்க் கொப்பி ஞாபகம் வந்தது.

நான் வேலையால் வந்தபோது இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். கொப்பி ஒரு பக்கம் திறந்து கிடந்தது, ‘அம்மா’, ‘ஆடு’ என்று பெரிய எழுத்துக்களோடு. மறுபக்கம் கடிதம்.

“அம்மா, அப்பா இஸ் இன் ட்ரபிளா? டிஸ்மிஸ்ட் எண்டு போட்டிருக்கு,” என்றாள் ஆரணி.

“எத்தினை நாளா இது பையுக்குள்ள இருக்கு?” என்று சுதன் கேட்டார்.

“நாலு மாசம்.”

“நாலு மாசம்.” கடிதத்தைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. “நான் ஒவ்வொரு நாளும் கேட்டனான். பாக்கினம் எண்டு சொன்னனீ.”

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லையும், தொலைபேசியையும், அறுபது நாளையும். ஆரணி எழும்பிப் போகவில்லை. போ என்று சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை.

சுதன் சிரிக்கத் தொடங்கினார். “உன்ர அப்பா கலியாணம் பேசேக்க, பிள்ளை கோட்டில வேலை, பிள்ளை கோட்டில வேலை எண்டு மூண்டு தரம் சொன்னவர். நானும் கிடங்கில எல்லாருக்கும் அடிச்சு விட்டனான், என்ர மனிசிக்குச் சட்டம் தெரியும் எண்டு.”

சிரிப்பு அப்படியே நின்றது.

“சொல்லுப் பிழைச்சது பரவாயில்லை, தர்சி. ஆருக்கும் பிழைக்கும். எனக்கும் சேத்துத்தான் பிழைச்சது, எழுது எண்டு சொன்னதும் நான்தான். ஆனா அந்த டொக்டர் எனக்கு ரெண்டு வருஷம் எண்டு சொன்னவர். அதில நாலு மாசத்தை நீ பையுக்குள்ள வைச்சிருக்கிறாய்.”

ஆரணி கடிதத்தை இழுத்து, விரலை வைத்து அந்தச் சொல்லைத் திரும்ப வாசித்தாள். “அம்மா,” என்றாள், குற்றம் சொல்லும் குரலில் இல்லை, உதவி செய்கிற குரலில், “யு குட் ஹாவ் ஆஸ்க்ட் மீ. ஐ வுட் ஹாவ் லுக்ட் இற் அப்.”

அவளுக்கு அப்போது எட்டு வயது. அகராதி பார்க்கத்தான் அவளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தேன்.

8

காலம் கடந்தாலும் எழுதிப் போடுவோம் என்று சுதன் பிடிவாதமாக நின்றார். அதற்கு ஜெசிந்தா அக்காவிடம் ஒரு துணைக்கடிதம் வாங்குவோம், எங்கள் நோக்கம் என்ன என்று அவருக்கும் தெரியட்டும் என்றார். நானும் சம்மதித்தேன். இரண்டாவது தடவையாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிழை விட்டோம்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே மேலே வந்தார். ஒரு பெட்டியில் கட்லற். தேத்தண்ணி ஊற்றினேன். சுதன் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார், ஒரு பரிசைக் கொடுக்கிற மாதிரி. உங்களைக் கோட்டில் ஏற்றிவிடுவார்களோ என்றுதான் அக்கா அப்படி எழுதினோம் என்று முடித்தார்.

“என்னையோ?” என்றார் அவர். “அந்தப் படிவத்தை நானும்தானே இருந்து நிரப்பினனான். ஊசி போட்ட ஆளின்ர பேர் எண்டு அதில ஒரு கட்டமாவது இருந்ததோ?”

இல்லை. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், திகதி, இடம். ஆளின் பெயர் இல்லை.

“ஆரிலயும் பிழை இல்லை எண்டுதானே பிள்ளை இந்தத் திட்டமே. அதாலதானே நான் உங்களுக்குச் சொன்னனான்.”

தேத்தண்ணியைக் கையில் எடுத்தவர் குடிக்காமல் திரும்ப வைத்தார். அவருடைய முகத்தில் ஒன்று மெதுவாக மாறுவதைப் பார்த்தேன். அது என்ன என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

“அப்ப,” என்றார், “இவ்வளவு நாளும் நான்தான் தம்பிக்கு இதைச் செய்தனான் எண்டு நினைச்சுக்கொண்டோ எனக்குத் தேத்தண்ணி தந்தனீங்கள்?”

“ஐயோ இல்லை அக்கா,” என்றேன்.

“மன்னிச்சு விட்டனீங்கள், என்ன? என்னை மன்னிச்சு விட்டிருக்கிறியள்.”

இல்லை என்று சொன்னால் ஏன் அப்படி எழுதினோம்? நாங்கள் வெளியே சொல்லாமல் வைத்திருந்த அந்தத் திருப்திக்குள் என்ன இருந்தது என்று எனக்கு அந்த மேசையில்தான் தெரிந்தது.

துணைக்கடிதத்தை அவர் அன்றே எழுதித் தந்தார். திருத்தமான கடிதம். கட்லற் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். பெட்டியைக் கழுவிக்கொண்டு நான் கீழே போனபோது, கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு “நன்றி” என்றார். எங்களுக்குள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. லிஃப்ற்றில் கண்டால் ஆரணியோடு கதைப்பார். என்னோடு குளிரைப் பற்றிக் கதைப்பார். சனிக்கிழமை மண்டபத்தில் அவர்தான் இருப்பார். ஆரணியின் கையை அவரிடம் நீட்டும்போது எங்கே பார்ப்பது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

9

இப்போது எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை ஆரணிதான் பிரிக்கிறாள். யாரும் தீர்மானித்து நடந்ததல்ல. ஒரு நாள் மின்சாரக் கட்டணக் கடிதத்தைச் சுதன் அவளிடம் நீட்டினார், நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்குப் பிறகு அப்படியே ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் டொக்டர் சொல்வதை அவள்தான் தகப்பனுக்குத் தமிழில் சொல்கிறாள். அதனால் அவளுடைய தமிழ் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. நரம்பு, வலி, மாத்திரை, குறைவு. வேறு வழியில் வந்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

மீளாய்வுக்கான பதில் வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் எடுத்தது. நேற்று வந்தது. லிஃப்ற்றில் அந்த மஞ்சள் தாள் ஒட்டிய மூன்றாம் நாள்.

ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, மேசையில் இருந்தாள். சுதன் வோக்கரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு எதிரே இருந்தார். நான் அடுப்படியில் பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

அவள் கண்ணால் ஒரு தடவை ஓடிவிட்டு, “அப்பா, நோ எண்டு சொல்லிட்டினம்,” என்றாள்.

“சும்மா நோ எண்டு சொல்லாதை. முழுக்க வாசி.”

முழுவதும் வாசித்தாள். ஒவ்வொரு வரியும் ஆங்கிலத்தில், பிறகு தன் தமிழில். “உங்கட லெற்றர் கிடைச்சது. நீங்கள் லேற்றா அனுப்பினபடியா... திரும்பத் திறக்க ஏலாது. இதுதான் கடைசி.” ஒரு இடத்தில் நின்றாள். “இதில அவை சொறி எண்டு சொல்லினம். ஆனா சொறி எண்டு இல்லை, வேற வேர்ட். சொறி மாதிரித்தான்.”

சுதன், ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கடிதம் ஒன்றைப் பற்றி என் பக்கம் திரும்பினார்.

“சரியாத்தான் சொல்லுறாளோ?”

அடுப்பை நிறுத்திவிட்டுப் போய், ஆரணியின் தோளுக்கு மேலால் குனிந்து வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன்.

“ஓம்,” என்றேன். “சரி.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, வோக்கரை இழுத்து எழும்பி, கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். அன்றைக்கு நடக்க வேண்டிய எட்டில் இன்னும் மூன்று மிச்சம் இருந்தது. சக்கரச் சத்தம் லிஃப்ற் வரை போய்த் திரும்புவது கேட்டது.

ஆரணி தொலைக்காட்சிக்குப் போன பிறகு கடிதத்தை எடுத்து, ‘வருந்துகிறோம்’ என்பதற்கு அவர்கள் எழுதியிருந்த ‘ரிக்ரெற்’ என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்தேன். இரண்டாவது பொருள் ஏதாவது இருக்குமோ என்று முழுவதும் பார்த்தேன். நடந்துபோன ஒன்றை அப்படி நடந்திருக்கக் கூடாதே என்று திரும்பத் திரும்ப நினைத்தல் என்று இருந்தது. இந்தத் தடவை எனக்குத் தெரிந்த பொருள்தான்.